26 எம்எம் ஹேமர் மிஷின்: சேலத்து லிண்டலுக்கும் ஏற்காட்டுக் கருங்கல்லுக்கும்

டிரில்லிங் மிஷின் வாங்கப்போகிறேன், எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டுச் சுவர் என்ன சுவர்? வாட் எவ்வளவு, என்ன பிராண்ட், பேட்டரியா ஒயரா என்பதெல்லாம் அப்புறம். சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கமோ குகைப் பக்கமோ பழைய செங்கல் வீடு என்றால் ரூ.2,500 பக்கம் கிடைக்கும் சாதாரண இம்பாக்ட் டிரில்லே போதும், பேசாமல் அதை வாங்கிக்கொண்டு மிச்சக் காசுக்கு நல்ல பிட்டாக நாலு வாங்கிப் போடுங்கள். தூணும் பீமுமாக எழுந்திருக்கும் புது வீடு, அபார்ட்மெண்ட், இல்லை மலை மேல் கருங்கல் கட்டடம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் வைத்திருப்பது 26 எம்எம் ரோட்டரி ஹேமர், அதாவது கான்கிரீட்டில் 26 எம்எம் விட்டம் வரை ஓட்டை போடுவது. நம்ம ஊர்க் கடைகளில் ஹேமர் மிஷின் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, ஏனென்றால் இந்த வகையில் பாஷ், மகிட்டா, டிவால்ட் என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே ஜாதகம்தான்: 800 வாட்டைச் சுற்றி மோட்டார், ஒரு அடிக்கு 2.4-இல் இருந்து 3 ஜூல் வரை பலம், எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. விலை பத்தாயிரத்தை ஒட்டி. பெயர் கேள்விப்படாத பிராண்டில் மூவாயிரம் நாலாயிரத்துக்கே அதே உருவம், அதே நிறம் கிடைக்கும், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இம்பாக்ட் டிரில்லுக்கும் இதற்கும் வித்தியாசம் வாட்டில் இல்லை. இம்பாக்டுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றை ஒன்று உரசிச் சுற்றும். பல் மேல் பல் ஏறி இறங்குவதுதான் அதன் அடி, இரண்டு நாணயங்களை விளிம்போடு விளிம்பு வைத்துத் தேய்த்தால் கடகடவென்று வருமே, அது மாதிரி. நிமிஷத்துக்கு 40,000 தடவைக்கு மேல் அடிக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் நோஞ்சான் அடி, நாம் தோள் கொடுத்து அழுத்தினால்தான் அதுவும் சுவருக்குப் போய்ச் சேரும். ஹேமர் மிஷினில் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று, அதற்கும் முன்னால் ஒரு இரும்புத் துண்டு. காற்று அழுந்தி அந்த இரும்பைத் தூக்கி எறிய, அது போய் பிட்டின் பின்பக்கத்தில் மோதுகிறது. நிமிஷத்துக்கு 4,000 சொச்சம் அடிதான், ஆனால் அடி என்றால் அடி. நாம் மிஷினை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அழுத்தக் கூடாது, அழுத்தினால் உண்மையில் வேகம் குறையும்.

பிட் மாட்டுவதும் வேறு. சாவி போட்டு முறுக்கும் சக் இதில் கிடையாது. 1970-களில் பாஷ் கொண்டுவந்த எஸ்டிஎஸ் முறை, இப்போது எல்லாக் கம்பெனியிலும் அதுதான். பிட்டின் வால் 10 மி.மீ. தடிமன், அதில் நான்கு காடிகள், இரண்டு காடி சுழற்றுவதற்கு, இரண்டு காடி பிட் கழன்று விழாமல் பிடிப்பதற்கு. தள்ளினால் டக்கென்று உட்காரும், காலரைப் பின்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும். உட்கார்ந்த பிறகும் பிட் ஒரு சென்டிமீட்டர் போல முன்னும் பின்னும் ஆடும். ஆடத்தான் வேண்டும், அந்த இடைவெளியில்தான் அடி விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு மிஷின் லூசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மாட்டும் முன் பிட்டின் வாலில் பட்டாணி அளவுக்குக் கிரீஸ் தடவுங்கள், இதை யாரும் செய்வதில்லை, வாலும் சக்கும் சேர்ந்து தேய்ந்துபோவதற்கு அதுவே காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். கர்ட்டன் ராடு. வீட்டில் முதல் டிரில் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள், அதில் முக்கால்வாசிப் பேர் இதில்தான் தோற்கிறார்கள், ஏனென்றால் ராடு மாட்டும் இடம் ஜன்னலுக்கு மேல், ஜன்னலுக்கு மேல் இருப்பது லிண்டல், லிண்டல் என்பது ஜல்லியும் கம்பியும் போட்ட கான்கிரீட். கீழே செங்கலில் வெண்ணெயாக இறங்கிய இம்பாக்ட் டிரில் இங்கே பூச்சைத் தாண்டியதும் நின்றுவிடும். ஜல்லியில் முட்டி பிட் சூடாகி, நுனி மழுங்கி, ஓட்டை கோணிப்போய், ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளக் லூசாகி, கடைசியில் எம்சீல் வைத்து அடைத்து ஒப்பேற்றிய ராடுகளை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். இதே இடத்தில் ஹேமரில் 8 மி.மீ. பிட்டைப் போட்டு விசையை அழுத்தினால், ஜல்லி வந்ததா சிமெண்ட் வந்ததா என்று கைக்கே தெரியாமல் பிளக் ஆழத்துக்குப் போய்விடும், பிளக்கைச் சுத்தியால் தட்டினால்தான் உள்ளே போகும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

கம்பி தட்டினால்தான் கொஞ்சம் கவனம். பூச்சு 12 மி.மீ. என்று வைத்தால், அதற்குள்ளே கம்பிக்கு மேல் 20, 25 மி.மீ. கான்கிரீட் இருக்கும், நாம் போடும் ஓட்டை 40, 50 மி.மீ. ஆழம், ஆகவே கம்பி குறுக்கே வருவது சகஜம். சத்தம் மாறும், கனத்த சத்தம் கிணுகிணுவென்று ஆகும், தூசு வருவது நின்றுவிடும். வெளியே இழுத்துப் பார்த்தால் நுனியில் இரும்புப் பளபளப்பு இருக்கும். அங்கேயே நின்று போராடாதீர்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், பிட்டின் நுனியில் இருக்கும் கெட்டியான கார்பைடுக்குக் கல் பிடிக்கும், இரும்பு பிடிக்காது. பிட் மாட்டிக்கொண்டு சுழல முடியாமல் போனால் மிஷினுக்குள் இருக்கும் கிளட்ச் டர்ர்ரென்று வழுக்கும், அதனால் மணிக்கட்டு தப்பிக்கும். ஆனாலும் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிற வீரர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

டைல்ஸ் மேல் ஓட்டை போடும்போது ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் வையுங்கள், மேலே ஒரு பட்டை மாஸ்கிங் டேப், டைல்ஸ் தாண்டிய பிறகு ஹேமர். ஹாலோ பிளாக் சுவரிலும் ஹேமர் வேண்டாம், அடியில் உள்பக்கச் சில்லு பெயர்ந்து வெற்றிடத்துக்குள் விழுந்துவிடும், பிளக் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஏஏசி என்கிற வெள்ளை லைட்வெயிட் பிளாக்குக்கு இந்த மிஷினே தேவையில்லை, சின்ன பேட்டரி டிரில்லே தாராளம்.

இதெல்லாம் கீழே. மேலே கதை வேறு.

எங்கள் அத்தை வீடு ஏற்காட்டில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து எஸ்டேட் ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி. பழைய கட்டடம், கருங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய கனமான சுவர். அங்கே குளியலறையில் 15 லிட்டர் கீசர் மாட்ட வேண்டும், தண்ணீரும் சேர்த்தால் 25 கிலோவுக்குக் குறையாத பாரம், அது இரண்டு ஆங்கர் போல்ட்டில் (முடுக்கினால் ஓட்டைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட்) தொங்க வேண்டும். சேர்வராயன் மலைப் பாறை சார்னோகைட், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த இருண்ட நிறக் கருங்கல். கான்கிரீட்டில் காட்டிய வீரம் இதில் செல்லாது. 12 மி.மீ. பிட்டை நேராக வைத்தால் மிஷின் துள்ளுகிறது, தூசு மாவு மாதிரி மெலிசாக வருகிறது, ஆழம் ஏறவே மாட்டேன் என்கிறது. முதலில் 6 மி.மீ., அப்புறம் 8, அப்புறம் 12 என்று படிப்படியாகப் பெரிதாக்கினால் போகிறது, மெதுவாகத்தான் போகிறது. இந்த இடத்தில் சாதாரண இரண்டு வெட்டுமுனை பிட்டுக்கும் நான்கு வெட்டுமுனை பிட்டுக்கும் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். நான்கு முனை பிட் விலை ஒன்றரை இரண்டு மடங்கு, கல்லுக்கு அது தண்டச் செலவு இல்லை. அடிக்கடி வெளியே இழுத்துத் தூசைக் கொட்ட வேண்டும். சூடான பிட்டை பக்கெட் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், கார்பைடு நுனி விரிசல் விட்டு, அடுத்த ஓட்டையில் தெறித்துவிடும். அப்படியே ஓரமாக வைத்து ஆறவிட்டால் போதும்.

“ஏங்கண்ணு, ரெண்டு போல்ட்டுக்கா இத்தனை சத்தம்? பக்கத்து எஸ்டேட்டுக்காரங்க வந்து கேக்கப்போறாங்க” என்று அத்தை சமையலறையில் இருந்து கேட்டார். சத்தம் நிஜமாகவே அதிகம், கல் சுவரில் இன்னும் அதிகம், காதுக்கு இயர் பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் சுவரில் முக்கியமான விஷயம் மிஷின் இல்லை, எங்கே போடுகிறோம் என்பதுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் காரையில் ஓட்டை சுலபமாக இறங்கும், ஆஹா என்று நினைப்போம், ஆனால் சுண்ணாம்புக் காரையில் ஆங்கரை முடுக்கினால் விரிந்து விரிந்து காரை பொடியாகும், போல்ட் இறுகவே இறுகாது. பாரம் தொங்கவிடுவதாக இருந்தால் கல்லின் நடுவில்தான் போட வேண்டும், ஓரத்தில் போட்டால் கல்லே செதில் விடும். பூச்சு பூசியிருக்கும் சுவரில் கல் எங்கே, காரை எங்கே என்று எப்படித் தெரியும்? 5 மி.மீ. பிட்டால் பூச்சைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் மட்டும் குத்திப் பாருங்கள். வெளுப்பாக, நறநறவென்று மணல் கலந்து கொட்டினால் காரை. சாம்பல் நிறத்தில், விரலில் ஒட்டுகிற நைஸ் பொடியாக வந்தால் கல். சோதனை ஓட்டையைக் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டில் அடைத்துவிடலாம், கீசருக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்.

அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. கல்லிலும் கான்கிரீட்டிலும் இருந்து வருவது சிலிக்கா தூசு, சிலிகோசிஸ் என்ற நோயே அதனால்தான் வருகிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். கூரையில் ஓட்டை போடும்போது கண்ணில் கொட்டாமல் இருக்க, கொட்டாங்கச்சியில் நடுவே பிட் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, கிண்ணம் மேலே பார்க்கிற மாதிரி பிட்டில் செருகிக்கொண்டால் பாதித் தூசு அதிலேயே விழும். எலக்ட்ரீசியன்கள் காலகாலமாகச் செய்வது, காசு கொடுத்து வாங்கும் ரப்பர் மூடியைவிட மோசமில்லை.

மலை வீட்டில் இன்னொன்று, கரண்ட். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும், மிஷின் சுற்றும், அடியில் பலம் இருக்காது, மல்லுக்கட்டினால் காயில் சூடாகும். காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும், ரீலில் சுற்றியபடியே ஓட்டாமல் முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுற்றியிருக்கும் ஒயர் சூட்டை வெளியே விடாது.

இனி இந்த மிஷினில் எனக்குப் பிடிக்காதவை. எடை. ஏணி மேல் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் நாலாவது ஓட்டைக்குக் கை நடுங்கும். மரத்துக்கும் இரும்புக்கும் இது லாயக்கில்லை. எஸ்டிஎஸ்ஸில் மாட்டுகிற சாவி சக் ஒன்று சேர்த்துத் தருவார்கள், மாட்டினால் மூக்கு நீளமாகி நுனி தள்ளாடும், மரத்தில் நேரான ஓட்டை வராது, இரும்பில் 3 மி.மீ. பிட் படக்கென்று ஒடியும். ஸ்க்ரூ முடுக்கவும் முடியாது. ஆகவே இது ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் 10 மி.மீ. சக் வைத்த சின்ன டிரில் ஒன்று வேண்டும். உளி போடும் வசதி நல்ல வசதிதான், பழைய டைல்ஸ் பெயர்க்கவும் ஒயருக்குச் சுவரில் காடி வெட்டவும் ஆகும். ஆனால் ஒரு பாத்ரூம் முழுக்கப் பெயர்ப்பது, கான்கிரீட் உடைப்பது எல்லாம் ஐந்து கிலோ மிஷினின் வேலை. அதை வாடகைக்கு எடுங்கள், கட்டடச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் நாள் கணக்கில் தருகிறார்கள், இதைப் போட்டு வதைக்காதீர்கள்.

மலிவு மிஷின் விஷயம். என் சித்தப்பா மகன் சூரமங்கலத்தில் புது வீட்டுக்குப் போனபோது, பார்க்க அசல் மாதிரியே இருந்த ஒன்றை அசலின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினான். முதல் சில வாரம் குறை சொல்ல முடியாது, லிண்டலில் நன்றாகவே இறங்கியது. அப்புறம் மூக்கில் இருந்து கிரீஸ் கசிய ஆரம்பித்தது, ஓ-ரிங் தரமில்லை. உள்ளே காற்று நிற்காததால் சுற்றும், அடிக்காது. பிரித்து ஓ-ரிங் மாற்றி, பழைய கிரீஸை வழித்துப் புதிது வைத்ததும் திரும்ப வேலை செய்கிறது, இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. வருஷத்துக்குப் பத்து ஓட்டை போடுகிறவருக்கு அதுவும் நியாயமான பேரம்தான், இதைச் சொன்னால் பிராண்ட் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். கூட வந்த பிட்டுகளை மட்டும் குப்பையில் போடச் சொன்னேன். மிஷின் மலிவாக இருக்கலாம், பிட் மலிவாக இருக்கக் கூடாது.

ரிப்பேருக்குச் சேலத்தில் கவலை இல்லை. தறி ஊர் என்பதால் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகள் ஏராளம். ஆனால் ஒன்று, தறி மோட்டாரில், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் கார்பனும் கிடையாது, அந்தக் கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரும் கிடையாது. கை மிஷினின் ஆர்மேச்சர், அதாவது காயில் சுற்றிய சுழலும் பாகம், வேறு வித்தை. “ஆர்மேச்சர் கட்டுவீங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் கொடுக்கும் சின்னக் கடைக்காரர், பிரிக்கும் முன்பே விசையை ஒரு தடவை அழுத்தி, காற்றுப் போகும் துளை வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “நீலப் பொறி சின்னதா வந்தா கார்பன் தம்பி, வட்டமா நெருப்பு சுத்துனா ஆர்மேச்சர்” என்றார், எண்பது ரூபாயில் கார்பன் மாற்றி அனுப்பிவிட்டார். கார்பன் தேய்ந்து 5, 6 மி.மீ. நீளம் மிஞ்சும்போதே மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் ஓட்டினால் கம்யூட்டேட்டரில் பள்ளம் விழும், அப்புறம் செலவு ஆயிரத்தில். புது ஆர்மேச்சர் விலையைக் கேட்டுவிட்டு மிஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மலிவு மிஷினுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் அலட்சியம். சேலத்து வெயிலில் துரு பிரச்சனை இல்லை, தூசுதான் பிரச்சனை, பெட்டியில் மூடி வைத்தால் முடிந்தது. ஏற்காட்டில் தலைகீழ். 1,500 மீட்டர் உயரம், மாசக்கணக்கில் பனிமூட்டம், மூடிய பெட்டிக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே போகாது, பஞ்சு வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். அங்கே மிஷினைத் திறந்த ரேக்கில் சுவரை ஒட்டாமல் வைத்து, மேலே பழைய வேட்டித் துணியைப் போர்த்தி வைப்பதே மேல். உளி, மர பிட், ஸ்பேனர் எல்லாவற்றையும் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் ஒரு சீசன் தாங்கும்.

ரேக்குக்கு ஸ்லாட்டட் ஆங்கிள்தான் (வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள்) என் ஓட்டு. ஆன்லைனில் வரும் பிளாஸ்டிக் ஷெல்ஃபில் ஹேமரும் கிரைண்டரும் ஏறினால் நடுவில் தொய்யும். இரும்புக் கடையில் அளவு சொன்னால் வெட்டியே தருவார்கள். தட்டு 20 கேஜுக்குக் குறையாமல் கேளுங்கள் (கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு, கடையில் 24-ஐக் காட்டி இது இன்னும் பெரிய நம்பர் சார் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்). நாலு மூலையிலும் கார்னர் பிளேட் போட்டால்தான் ரேக் ஆடாது, அதைச் சேர்த்து விலை பேசுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் தனியாகக் காசு. கனமான மிஷின்கள் இடுப்பு உயரத் தட்டில், ஸ்க்ரூ பிளக் எல்லாம் கண் உயரத்தில். பிட்டுகளுக்கு ஒரு துண்டு வேப்பம் பலகையில் 10.5 மி.மீ. ஓட்டைகள் வரிசையாகப் போட்டு நட்டு வைத்தால், எஸ்டிஎஸ் வால் அதில் சரியாக உட்காரும், எந்த அளவு காணோம் என்று பார்த்ததும் தெரியும்.

கடையில் காசு கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்து அங்கேயே ஓட்டிப் பாருங்கள். விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்ற வேண்டும். ஹேமர் நிலையில் வெறும் காற்றில் சுற்றும்போது அடி விழாது, பிட்டை ஒரு பலகையில் ஊன்றினால்தான் அடிக்கும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். உபரி கார்பன் ஒரு ஜோடி பெட்டிக்குள் இருக்கிறதா, இல்லையென்றால் கையோடு கேட்டு வாங்குங்கள். வாரண்டி கார்டில் சீல் வையுங்கள் என்று சொன்னால்தான் சில கடைகளில் வைப்பார்கள். பில்லில் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள்.